இன்ஸ்பெக்ஷன் பிள்ளை

சின்னராசுவுக்குச் சந்தேகம் என்பது குணம் இல்லை, உத்தியோகம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றின் கேட்டில் முப்பது வருஷமாக நிற்கிறான். உள்ளே போகிறவன் முகத்தையும் வெளியே வருகிறவன் பையையும் பார்த்துப் பார்த்து, இப்போது கல்யாண வீட்டுக்குப் போனாலும் எதிரே வருகிறவனின் இடுப்பைத்தான் அவன் கண் முதலில் தடவும். டிபன் கேரியரின் அடித்தட்டில் செம்புக் கம்பி வெளியேறுவதைச் சாம்பார் வாசனைக்கு நடுவிலும் கண்டுபிடித்தவன். கோயிலில் கொடுக்கிற தொன்னையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் பிரசாதத்தை வாயில் போடுவான் என்று அவன் மனைவி கங்கம்மா ஊரெல்லாம் சொல்வாள். அது அபாண்டம். கவிழ்த்தால் பிரசாதம் கொட்டிவிடும். தூக்கி அடிப்பக்கம் பார்ப்பான், அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனி ஆபீசில் ஆள் விவகாரங்களைப் பார்க்கிற பரணிதரன் கேட்டுக்கு வந்தான். வயசு இருபத்தாறு. கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல்.

"அண்ணா, கம்பெனி கைமாறிச்சில்ல. புது மேனேஜ்மென்ட்டு எல்லார் சர்டிபிகேட்டையும் செக் பண்ணச் சொல்லிட்டாங்க. உங்க டி.சி.ய உங்க ஸ்கூலுக்கே அனுப்பிட்டோம். உண்மைதான்னு எச்.எம். எழுதி அனுப்பிட்டா வேல முடிஞ்சிது."

"எழுதி அனுப்பலன்னா?"

"ஏன்ணா அனுப்ப மாட்டாங்க?"

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

"பேச்சுக்குன்னா, டுபாக்கூருன்னு வந்தா அன்னிக்கே வெளிய. போன மாசம் ஃபர்னஸ்ல ரெண்டு பேரு போனாங்களே."

"தெரியும். நான்தான் கேட்டத் தொறந்து வுட்டேன்."

பரணிதரன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். சின்னராசுவுக்கு ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாசம் இருந்தது. முப்பது வருஷமாக அடுத்தவன் பையைத் துழாவியவன், தன் பையில் வைத்திருந்தது அந்த டி.சி. ஒன்றுதான். ஓடைமேடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி என்று அதில் எழுதியிருந்தது. அவன் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனது மொத்தம் பதினான்கு நாள்.

விஷயம் இதுதான். ஓடைமேட்டுச் சனம் அப்போதெல்லாம் கூலி வேலைக்காரச் சனம். பொங்கல் முடிந்ததும் சட்டி பானையோடு செங்குன்றம் பக்கம் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். பிள்ளைகளும் கூடவே போய்விடும். பள்ளிகளைப் பார்வையிடுகிற இன்ஸ்பெக்டர் வருவதோ சரியாகப் பொங்கலுக்குப் பிறகு. பாக்கியநாதன் வாத்தியார்தான் தலைமை ஆசிரியர், அவர்தான் எல்லா வகுப்புக்கும் ஆசிரியர், மணி அடிப்பவரும் அவரே. பதிவில் நாற்பத்தொன்று, பாயில் ஆறு என்றால் பள்ளியை மூடச் சொல்லி எழுதிவிடுவார்கள். அதனால் வாத்தியார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவார். ஆடு மேய்க்கிற, வாத்து மேய்க்கிற பிள்ளைகளை எல்லாம் ஓட்டிக்கொண்டு வருவார். கிணற்றடியில் குளிக்க வைத்து, தலையில் எண்ணெய் தடவி, பாயில் உட்கார வைத்து, சூளைக்குப் போன பிள்ளை ஒவ்வொன்றின் பெயரையும் ஒவ்வொரு தலையில் ஏற்றுவார். பெயர் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர் போனதும் ஆளுக்கு ஒரு கரண்டி கோதுமை உப்புமா. பிறகு ஆடு ஆட்டிடம், வாத்து வாத்திடம். ஊரில் இவர்களுக்கு இன்ஸ்பெக்ஷன் பிள்ளைகள் என்றே பெயர்.

சின்னராசு பண்ணையார் ஆட்டை மேய்த்தவன். பதினான்கு நாளில் ஒரு நாள்கூட அவன் சின்னராசுவாக உட்கார்ந்ததில்லை. பிற்பாடு, தொண்ணூற்றைந்தில், கேட் வேலைக்கு அஞ்சாம் கிளாஸ் வேண்டும் என்றபோது, ஓய்வு பெறப்போகிற வாத்தியார் முன்னால் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினார். முத்திரை குத்தினார். "போய்ட்டு வா" என்றார். வாத்தியார் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆகிறது. இனி அந்தக் காகிதத்துக்குச் சாட்சி சொல்ல மேலோகத்திலிருந்துதான் ஆள் வரவேண்டும்.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், கங்கம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்து டீச்சர் வந்துட்டுப் போனாங்கய்யா. இம்மாம் பெரிய பழைய நோட்டு ஒண்ணு எடுத்துக்கினு."

சட்டைப் பொத்தானைக் கழற்றிய கை நின்றது. "இன்னாவாம்?"

"உங்க ஊட்டுக்காரரு எந்த வருஷம் படிச்சாருன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"அவரு படிச்சதே எனக்குத் தெரியாதுன்னேன்."

சின்னராசு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "நல்லா சொன்ன போ."

"தெரியாதத தெரியாதுன்னுதான் சொல்லுவாங்க. ஏன், இன்னா இப்ப?"

"ஒண்ணுமில்ல. கீரைய ஆயி."

அன்றைக்கு அவன் கீரையைச் சாப்பிட்டானா, கீரை அவனைச் சாப்பிட்டதா என்று சொல்ல முடியாது.

புவனேஸ்வரி டீச்சர் பொன்னேரியிலிருந்து வருகிறவள். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதுவரை சின்னராசு அவளைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ நினைத்ததில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் எல்லாமே இடித்தது. தினமும் எட்டரைக்கே ஏன் வருகிறாள்? கவர்மென்ட் டீச்சர் யாராவது எட்டரைக்கு வருவார்களா? பதினோரு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சனிக்கிழமையும் பள்ளியைத் திறந்து வைத்து என்ன செய்கிறாள்? பையின் கனம் வரும்போது ஒரு மாதிரியும் போகும்போது ஒரு மாதிரியும் இருக்கிறதே, அது எதனால்? கேட்டில் நிற்கிறவனுக்கு இந்தக் கேள்வி எல்லாம் தானாக வரும்.

மறுநாள் இரண்டாம் ஷிப்ட். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, காற்றடிக்கிற பாவனையில் பள்ளிக்கு எதிரே நின்றான். பம்பு மட்டும் கொண்டுவரவில்லை.

பள்ளி என்றால் பெரிதாக எதுவும் இல்லை. முதலில் கீற்றுக் கொட்டகை. அப்புறம் ஓட்டுக் கட்டடம். எண்பத்து நாலு புயலில் ஓடெல்லாம் ஏரிக்குப் போனது, அதற்கப்புறம் கான்கிரீட் வந்தது. இப்போது ஏதோ ஒரு கம்பெனி புண்ணியத்தில் சுவரெல்லாம் மஞ்சள் பெயின்ட், நடுவில் கம்பெனி பெயர் யானை அளவுக்கு, பள்ளியின் பெயர் எலி அளவுக்கு.

ஜன்னல் வழியாக டீச்சர் பார்த்துவிட்டாள். வெளியே வந்தாள்.

"வாங்கண்ணா. உங்களத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

திருடனைப் பார்த்தும் போலீஸ் இதைத்தான் சொல்லும். "என்னையா? ஏன் டீச்சர்?"

"பள்ளிக்கு எழுபத்தஞ்சு வருஷம் ஆகுதில்ல. பவள விழா வைக்கிறோம். பள்ளியோட வரலாறு எழுதணும். பழைய மாணவர்களப் பாத்துப் பேசிக்கிட்டு வர்றேன். நீங்க எழுபத்து நாலுல இருந்து எழுபத்தொம்பது வரைக்கும், சரிங்களா?"

வருஷத்தை அவன் சொல்லவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? டி.சி. வந்து சேர்ந்துவிட்டது.

"அப்பிடித்தான் நெனைக்கிறேன்."

"உங்க பக்கத்துல யாருண்ணா ஒக்காந்திருந்தா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்டில் அவனும் சாதாரணமாகத்தான் கேட்பான், 'இன்னாப்பா, மதியம் இன்னா கொழம்பு' என்று. பதில் சொல்லும்போது கண் எங்கே போகிறது என்று பார்ப்பதற்குத்தான் அந்தக் கேள்வி.

"பக்கத்துல... பசங்கதான்."

"பேரு?"

"பசங்கன்னா, நெறையப் பசங்க. மாறிக்கினே இருப்பாங்க." வாயிலிருந்து உண்மை வந்துவிட்டதை உணர்ந்து சைக்கிளில் ஏறினான். "ஷிப்ட்டுக்கு டைம் ஆவுது டீச்சர்."

"ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு எல்லாரும் கூடுறாங்க. நீங்க கண்டிப்பா வரணும்."

கண்டிப்பாக என்றாளே, அந்தச் சொல் கவரைப்பேட்டை வரைக்கும் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது.

கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பாஸ்கர் அவனுக்கு ஒரே வயசுக்காரன், ஒரே தெருக்காரன். சின்னராசு அதிகமாகச் சுமந்த பெயர் பாஸ்கருடையதுதான். டீச்சர் பாஸ்கர் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததாகத் தகவல்.

"இன்னாடா கேட்டாங்க உன்ன?"

"உன்னப் பத்திதான். சின்னராசு உங்ககூடப் படிச்சாரான்னாங்க."

"நீ?"

"படிச்சான், எனக்கு முன்னாடி பெஞ்சுன்னேன்."

"அப்ப ஏதுடா பெஞ்சு? பாயிதான?"

பாஸ்கர் யோசித்தான். "அட, ஆமால்ல."

"கெடுத்தியே."

"டேய், நான் பாதி வருசம் சூளையில கல்லு தூக்கிக்கினு இருந்தவன். நீ வந்தியா வல்லியான்னு எனக்கு எப்டிரா தெரியும்? நல்லது சொல்லலாமேன்னு சொன்னேன். அதுக்கு இந்தப் பேஜாரா?"

"நல்லதுன்னு உன்ன யாரு கேட்டா?"

"சரி, இப்ப போயி பாயின்னு மாத்திச் சொல்லிட்டு வரவா?"

"வாய மூடிக்கினு ஆட்டோ ஓட்டு. அது போதும்."

அதற்கப்புறம் பாஸ்கர் மேலேயும் சந்தேகம் வந்தது. பெஞ்சு என்று வேண்டுமென்றே சொல்லியிருப்பானோ? போன வருஷம் கோயில் கமிட்டியில் இவனை எடுத்து அவனை விட்டதற்குப் பழி வாங்குகிறானோ? வியாழக்கிழமைக்குள் சின்னராசு சந்தேகப்படாத ஆள் ஓடைமேட்டில் கங்கம்மா ஒருத்திதான். அவளும் வெள்ளிக்கிழமை, "ஏன்யா பேயறைஞ்ச மாதிரி கீற, எதுனா தப்பு பண்ணியா?" என்று கேட்டுப் பட்டியலில் சேர்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போகக்கூடாது என்றுதான் முதலில் முடிவு செய்தான். பிறகு கேட் மூளை வேலை செய்தது. மடியில் கனம் உள்ளவன்தான் செக்கிங் நாளில் லீவு போடுவான். கொஞ்சம் தெம்பானவன் கடைசியாக வந்து ஓரமாக நழுவுவான். ஒன்றும் இல்லாதவன் முதலிலேயே வந்து பையைத் திறந்து காட்டுவான். ஆகவே மூன்றரைக்கே போய்விட்டான்.

வகுப்பறையில் பிள்ளைகளின் குட்டை நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்தான். முழங்கால் மோவாயைத் தொட்டது. மெல்ல ஆட்கள் சேர்ந்தார்கள், இருபத்திரண்டு பேர். பாஸ்கர் அவனுக்குப் பின்னால் வந்து குனிந்து, "பாயி, பாயி" என்று காதில் சொல்லிவிட்டுப் போனான் பின்வரிசைக்கு. சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற ஞானம்மா டீ கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் அந்தப் பெரிய நோட்டை மேசைமேல் வைத்தாள். செல் அரித்த அட்டை, நூல் கட்டு. சின்னராசு அதன்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வரலாறு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு வெளையாட்டு. எழுபத்தாறாம் வருஷத்து வருகைப் பதிவேடு ஒண்ணுதான் செல்லுக்குத் தப்பியிருக்கு. பேரு கூப்பிடுறேன். இருக்கிறவங்க அந்தக் காலத்து மாதிரியே சொல்லணும்."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னராசு சிரிக்கவில்லை. அந்தப் பதிவேட்டில் தன் பெயர் வராது. வராத பெயரை எல்லோர் முன்னாலும் வராமல் செய்து காட்டத்தான் இந்த ஏற்பாடு. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசித்தான். பெயர் விட்டுப்போனது என்று சொல்லலாம். செல் தின்றிருக்கும் என்று சொல்லலாம். ஆமாம், செல்தான்.

"ஜெரால்ட்."

"உள்ளேன் ஐயா." வழுக்கைத் தலை ஒன்று எழுந்து உட்கார்ந்தது.

"பீட்டர்."

"அவரு போய்ட்டாரு டீச்சர், கொரோனாவுல."

டீச்சர் பதிவேட்டின்மேல் குனிந்தாள். பென்சிலால் ஏதோ குறித்தாள். சின்னராசு இன்னும் செல்லைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தான். பதிவேட்டைச் செல் தின்றால் ஓரத்திலிருந்து தின்னுமா, நடுவிலிருந்து தின்னுமா என்று.

"பாஸ்கர்."

"உள்ளேன் ஐயா."

இரண்டு குரல். முன்னால் வந்தது சின்னராசுவின் குரல். அவன் சொல்லவில்லை, அவன் முதுகு சொன்னது. முதுகு நிமிர்ந்து, வலது கை பாதி தூக்கி, எட்டு வயசில் கிணற்றடியில் பழக்கின அதே ராகத்தில் சொல்லிவிட்டு, வேலை முடிந்தது என்று அடங்கிவிட்டது.

பின்வரிசையிலிருந்து பாஸ்கர் எட்டிப் பார்த்தான். "டேய், நான் இங்கதான கீறேன். நீ ஏன்டா எனக்குச் சொல்ற?"

அறையே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. சின்னராசுவையே பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். டிபன் கேரியரின் மூன்றாம் தட்டு திறக்கும்போது அவனும் அப்படித்தான் பார்ப்பான்.

டீச்சர் பதிவேட்டுக்குத் திரும்பினாள். "ரத்னா."

"உள்ளேன் ஐயா."

வாசல் பக்கமிருந்து, டீத் தட்டோடு ஞானம்மா. இப்போது இருபத்திரண்டு தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

"இன்னா பாக்கறீங்க? ரத்னா சூளைக்குப் போனா நான்தான் ரத்னா. அவ கண்ணாலம் கட்டிக்கினு ஆந்திரா பக்கம் தடா போயி முப்பது வருசம் ஆவுது. நாந்தான இன்னும் உள்ளேன்? எத்தினி நாளு வாத்த வுட்டுட்டு வந்து ஒக்காந்திருக்கேன். ஒரு வாட்டி ரெண்டு வாத்து காணாமப்போயி எங்க நைனா என்னை வெளுத்தாரு. இந்தா, டீ ஆறுது, எடுத்துக்க."

அதற்கப்புறம் கூட்டம் டீச்சரின் கையில் இல்லை. யார் யாருக்கு யார் 'உள்ளேன்' சொன்னது, உப்புமாவில் புழு இருந்ததா, இன்ஸ்பெக்டருக்கு இளநீர் வெட்டப்போய் விரலை வெட்டிக்கொண்டது யார் என்று ஒரே கூச்சல். டீச்சர் வேகவேகமாக எழுதினாள். சின்னராசு டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான். ஞானம்மாவுக்கு என்ன? அவள் தன் வாத்துக் கதையை மைக் வைத்துச் சொல்லலாம். அவள் பெயரில் எந்தக் கம்பெனிக்கும் டி.சி. போகவில்லை.

எல்லோரும் போனார்கள். பாஸ்கர் வாசலில் தயங்கினான். "வரியா?" என்றான். "நீ போ" என்றான் சின்னராசு.

டீச்சர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனும் நான்கை எடுத்து அடுக்கினான். அப்புறம் கேட்டான். "லெட்டரு வந்துச்சா டீச்சர்?"

"பத்து நாளாச்சுண்ணா."

"பதிலு?"

"போடல."

"அப்ப, வரலாறுன்னு ஊடு ஊடா போனது..."

"வரலாறும்தான். நீங்களும்தான்." அவள் மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு நோட்டை எடுத்தாள். "இது சேர்க்கைப் பதிவேடு. இங்க பாருங்க."

ஆக, அவன் சந்தேகப்பட்டது சரி. முப்பது வருஷ சர்வீசில் இந்த ஒரு தடவையாவது சந்தேகம் தப்பியிருக்கலாம் என்று இருந்தது.

குனிந்து பார்த்தான். 211, 212 என்று வரிசையாக எண்கள். இரண்டுக்கும் நடுவில், இடமே இல்லாத இடத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி. 211-அ. சின்னராசு. பக்கத்தில் பாக்கியநாதன் வாத்தியாரின் சுருக்கொப்பம்.

"என்னை எழுதியிருக்காரா?" விரலை அந்த வரிமேல் வைத்தான். "வெறும் காயிதம்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

"பேரு இருக்கு. நடுவுல சொருகுன மாதிரியும் இருக்கு. வருகைப் பதிவேட்டுல உங்க பேரே இல்ல. வேலைக்காக யாரோ எழுதிக்கிட்டாங்களா, இல்ல நெஜமாவே இப்படி ஒரு பையன் இங்க ஒக்காந்தானா? கையெழுத்துப் போடப்போறது நான். அதான் தெரு தெருவாக் கேட்டேன். ஒருத்தரு பெஞ்சுங்கிறாரு, உங்க வீட்டுல நீங்க படிக்கவே இல்லைங்கிறாங்க."

"கங்கம்மா சொன்னது பொய்யில்ல டீச்சர். பதினாலு நாளு. அதுவும் அடுத்தவன் பேருல. உப்புமாவுக்கு வந்தேன்னு வேணா எழுதிக்குங்க." சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். இனி ஒளிக்க எதுவும் இல்லை என்பதால் ஒரு மாதிரி லேசாக இருந்தது. "அன்னிக்கே வெளியன்னு சொன்னான் அந்தப் பையன். பதினாலு மாசம் பாக்கி. நீங்க உள்ளத எழுதிடுங்க. உங்க மேல தப்பு வரவேணாம்."

டீச்சர் மூன்றாவதாக ஒரு மெல்லிய நோட்டைப் பிரித்தாள். இன்ஸ்பெக்டர்கள் வந்துபோகும்போது எழுதிவிட்டுப் போகிற குறிப்பேடு.

"வாசிக்கிறேன், கேளுங்க. பன்னெண்டு ரெண்டு எழுபத்தாறு. பதிவு நாற்பத்தொன்று, வருகை முப்பத்தெட்டு. மூன்றாம் வரிசை ஓரத்தில் அமர்ந்துள்ள சிறுவன் சென்ற ஆண்டு மாரியப்பன் என்றும், இவ்வாண்டு பாஸ்கர் என்றும் பெயர் சொன்னான். பெயர் எதுவாயினும், நான் இருந்த இரண்டு மணி நேரமும் கரும்பலகையை விட்டுக் கண்ணை எடுக்காதவன் இவன் ஒருவனே. தலைமை ஆசிரியர் இவனை இவன் பெயரிலேயே சேர்த்துக்கொள்வது நலம். பள்ளி தொடரலாம்."

சின்னராசு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே இப்போது கரும்பலகை இல்லை. கம்பெனி கொடுத்த டிவி இருந்தது.

"அந்தாளுக்குத் தெரியுமா?" என்றான்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. இவரு எழுதினதாலதான் வாத்தியாரு 211-அ போட்டிருக்காரு. ஆடு மேய்க்கிற உங்கள தெனமும் வரவழைக்க அவரால முடியல. பேர மட்டும் சேத்து வச்சாரு. கம்பெனி கேக்கறது ஒண்ணுதான், இந்த டி.சி. பதிவேட்டோட ஒத்துப்போகுதான்னு. போகுது. அந்தப் பையன் யாருன்னுதான் எனக்குத் தெரியணும். இன்னிக்குத் தெரிஞ்சிடுச்சு." அவள் லெட்டரை எடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினாள்.

சின்னராசு முத்திரை காயும்வரை அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். நல்லது நடந்தாலும் அடித்தட்டைப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது.

"எதுக்கு டீச்சர் எனக்கு இதச் செய்றீங்க?"

"உங்களுக்கு இல்லண்ணா. நீங்கல்லாம் வந்து ஒக்காரலன்னா எழுபத்தாறுலயே இத இழுத்து மூடியிருப்பாங்க. நான் பதினோரு பிள்ளைங்கள வச்சிக்கிட்டு வருஷா வருஷம் பயந்துக்கிட்டிருக்கேன். மொத தடவ பயந்தது நான் இல்லன்னு தெரிஞ்சுகிட்டேன்." அவள் தன் எழுத்துப் பிரதியைப் புரட்டினாள். "வரலாறுல இன்ஸ்பெக்ஷன் பிள்ளைங்களப் பத்தி ஒரு பக்கம் எழுதுறேன். ஞானம்மா அக்கா பேரு போட்டுட்டேன். உங்க பேரு வேணாம். விழா மலரு உங்க கம்பெனிக்கும் போகும், யாராவது படிச்சு வம்பு பண்ணலாம். ரிட்டையர் ஆகுற வரைக்கும் 'ஒரு மாணவர்'னு இருக்கட்டும்."

நியாயமான பேச்சு. கேட்டில் நிற்கிற சின்னராசு அப்படியே ஒப்புக்கொண்டான். பரணிதரன் புத்தகம் படிக்கிறவன் இல்லைதான், ஆனால் யாராவது படித்துக் காட்டுவார்கள். பதினான்கு மாசம் என்பது சின்ன விஷயம் இல்லை. அவன் எழுந்து வாசல்வரை போனான். செருப்பைப் போட்டான். ஒரு காலைப் போட்டுவிட்டு இன்னொன்றைப் போடாமல் நின்றான்.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணா."

"அஞ்சு வருசமா ஊருல கீறவன் பேரெல்லாம் சொல்லியாச்சு. இதுலயும் ஒரு மாணவர்னா எப்டி?"

"யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் மாத்த முடியாது."

"போடுங்க."

அவள் பேனாவைத் திறந்தாள். சின்னராசு திரும்பி வந்து, ஒற்றைச் செருப்போடு மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். எழுதுகிற கையையே பார்த்தான். அவள் பெயரை எழுதி முடித்ததும் விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்தான்.

"இனிஷியலோட போடுங்க டீச்சர். இல்லாங்காட்டி வேற எவனாச்சும் கையத் தூக்கிடுவான்."